கவுண்ட் நன்றாக இருக்கிறது

கரமனை
9 ஜூலை 2006

சரோஜத்துக்கு,

நீ கல்லாறு போய்ச் சேர்ந்ததை உன் அண்ணன் கடைக்கு ஃபோன் போட்டுத்தான் தெரிந்துகொண்டேன். உன் மயினிதான் எடுத்தார்கள். "அவ ஆத்துல துணி அலசப் போயிருக்கா. என்ன சொல்லணும், சொல்லுங்க" என்று கேட்டார்கள். பின்னால் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டு பேசுகிற சத்தம். நான் என்ன சொல்வேன்? அவள் மாத்திரையை எடுத்துக்கொண்டு போனாளா, மறந்துவிட்டாளா என்று மயினியிடம் கேட்க முடியுமா? எச்.ஐ.வி. என்ற மூன்று எழுத்தை வாய்விட்டுச் சொல்ல இந்த ஊரில் நமக்கு இருக்கிற ஒரே இடம் மெடிக்கல் காலேஜ் டாக்டரின் அறைதான். "சும்மா சுகம் விசாரிச்சேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

"ரெண்டாவது தடவையும் ஒங்க பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருக்க எனக்கு ஏலாது" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாய். நான் சாகப்போகிற மாதிரி. நான் மருந்தை நிறுத்தவில்லை. பஸ் ஓட்டுகிற டூட்டி இருக்கிற நாளில் காலை மாத்திரையை மட்டும் விட்டேன். ராத்திரி மாத்திரையை ஒழுங்காகப் போட்டேன். மிச்சமிருந்த மாத்திரைகளைப் பார்த்துவிட்டு நீ கத்திய கத்தலில் இதைச் சொல்ல இடம் எங்கே இருந்தது?

ஏன் விட்டேன் என்று நீ கேட்கவே இல்லை. இப்போது கேள். காலையில் எழுந்து தரையில் கால் வைத்தால், உள்ளங்காலில் மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி எரிகிறது. பத்து மணிக்கு மேல் எரிச்சல் போய் மரத்துவிடுகிறது. அது இன்னும் மோசம். கிளச்சை மிதிக்கிறேனா, சும்மா காலை வைத்திருக்கிறேனா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. காலை மாத்திரையை விட்டால் கொஞ்சம் குறைகிற மாதிரி தோன்றியது. அவ்வளவுதான் என் குற்றம்.

உனக்கென்ன, உனக்குக் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொண்டது. டிப்போவில் கால் வலிக்குக் காரணம் கேட்டபோது சுகர் என்று சொல்லிவைத்தேன் பார், அதிலிருந்து ஒருத்தன்கூட எனக்குச் சர்க்கரை போட்ட டீ தருவதில்லை. ஒரு வருஷமாக வெறும் டீ குடிக்கிறேன். எனக்கு இல்லாத நோய்க்குப் பத்தியம்!

கோபம் ஆறினால் வா.

சிவதாணு


கல்லாறு
17 ஜூலை 2006

கரமனையில் இருப்பவருக்கு,

'ஒத்துக்கொண்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை மூன்று தடவை படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து மயினியிடம் ஏச்சு வாங்கியதுதான் மிச்சம்.

என் பத்து விரல் நகமும் கறுத்துக் கிடப்பதை நீங்கள் பார்த்ததில்லையா? அந்த மாத்திரையால்தான். இங்கே விறகடுப்பு. கரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த அளவுக்குத்தான் எனக்கு அதிர்ஷ்டம். ஆற்றிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினால் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறேன். மயினியிடம் இரத்தக்குறைவு என்று சொல்லியிருக்கிறேன். அது பொய்யும் இல்லை. தினமும் முருங்கைக்கீரை. ஒருநாள்கூட விடுவதில்லை அந்தப் புண்ணியவதி. எதைத் தின்றாலும் நாக்கில் இரும்பைச் சப்பிய ருசி. இவ்வளவோடும் காலையும் இரவும் போடுகிறேன். எனக்கு ஒத்துக்கொண்டதால் போடவில்லை. போடாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களைப் பார்த்துத் தெரிந்ததால் போடுகிறேன். கஞ்சிகூட இறங்காமல் கிடந்தீர்களே, அப்போது உங்களைத் திருப்பிப் படுக்க வைத்தது நான்தான்.

பாதி மருந்து சாப்பிட்டால் நோய் அந்த மருந்தைப் பழகிக்கொள்ளும், பிறகு முழுசாகச் சாப்பிட்டாலும் கேட்காது என்று முதல் நாளே உட்கார வைத்துச் சொன்னார்கள் அல்லவா? நீங்கள் தலையை ஆட்டவும் செய்தீர்கள்.

கால் எரிகிறது என்று நான் கேட்கவில்லையாம். சரி. டாக்டர் கேட்டாரே? போன தடவை டாக்டர் பத்மஜா, "வேற ஏதாவது உண்டோ?" என்று கேட்டபோது, "ஒண்ணுமில்ல டாக்டர், சுகமாக்கும்" என்று பல்லைக் காட்டியது யார்? நான் பக்கத்து ஸ்டூலில்தான் இருந்தேன். ரோட்டில் ஒரு ஆட்டோக்காரன் குறுக்கே வந்தால் ஜன்னலுக்கு வெளியே இடுப்பு வரை நீட்டிக்கொண்டு சண்டை போடுகிற ஆள், அந்த அறைக்குள் போனதும் முதல் பெஞ்சில் உட்காரும் பிள்ளை ஆகிவிடுகிறீர்கள்.

யார் கொண்டுவந்த நோய் என்று நான் உங்களிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இனியும் கேட்கமாட்டேன். ஆனால் மருந்தை விட்டுவிட்டு என்னிடமே மறைத்ததை விடமாட்டேன். போய் டாக்டரிடம் சொல்லுங்கள். அதன் பிறகு வருவதைப் பற்றிப் பேசலாம்.

சரோஜம்


கரமனை
2 ஆகஸ்ட் 2006

சரோஜம்,

இரண்டு வேளையும் போடுகிறேன். உன் கடிதம் வந்த அன்றிலிருந்து. அதற்காகவாவது ஒரு நல்ல வார்த்தை எழுது.

டாக்டரிடம் சொல் என்பது எழுதுவதற்குச் சுலபம். அந்த அறையில் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியாதா? உடம்பின் எதிர்ப்புச் சக்தியை எண்ணிய சீட்டை எடுக்கிறார். "கவுண்ட் முந்நூத்தி நாப்பது. வெரி குட். கவுண்ட் வெறும் தொண்ணூறுல வந்த ஆளாக்கும் நீங்க, ஓர்மையுண்டோ, மறந்துபோச்சோ? மருந்து முடங்காம எடுக்கணும், செரியா?" முடிந்தது. வெளியே வராந்தாவில் ஐம்பது பேர். எனக்குப் பின்னால் போன தடவை ஒரு பையனை அவன் அம்மா இடுப்பில் தாங்கிக்கொண்டு நின்றாள். அவனுக்கு இனிமேல்தான் மருந்து தொடங்க வேண்டும். அந்த வராந்தாவில் நின்றுகொண்டு, எனக்குக் கால் எரிகிறது என்று எப்படிச் சொல்வது? செத்துப்போக வேண்டியவனை இலவச மருந்து கொடுத்து எழுப்பி உட்கார வைத்திருக்கிறார்கள். நன்றி கெட்டவன் என்று நினைக்கமாட்டார்களா?

இன்னொன்றும் இருக்கிறது. சொன்னால் வண்டி ஓட்டாதே என்பார்கள். ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் நான் நோயாளி இல்லை. ஐம்பது பேர் என்னை நம்பிப் பின்னால் தூங்கிக்கொண்டு வருகிறார்கள். வீட்டில் நீயும் இல்லை. அதையும் விட்டுவிட்டு நான் என்ன செய்வேன்?

புது அடையாள அட்டைக்கு ஃபோட்டோ கொடுத்தேன். ஆபீஸ் கிளார்க் பழைய படத்தையும் புதுசையும் வைத்துப் பார்த்துவிட்டு, "இது சிவதாணுவிண்ட அச்சனோ?" என்று கேட்டான். எனக்கே நான் அப்பாவாம்! எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கன்னம் இரண்டும் உள்ளே போய், கன்னத்துக்குள் நாக்கைத் துருத்தினால்தான் பழைய முகம் வருகிறது. கவுண்ட் ஏற ஏற முகம் இறங்குகிறது. இதைச் சொன்னாலும் வெரி குட் என்பார்களோ என்னவோ.

நான் ஓட்டுகிற விழிஞ்ஞம் ரூட்டில் மழை. போன வாரம் ஒரு மீன் ஆட்டோவில் லேசாக உரசியது. கண்ணாடிதான். யாருக்கும் ஒன்றுமில்லை.

சிவதாணு


கல்லாறு
10 ஆகஸ்ட் 2006

லேசாக உரசியவருக்கு,

ஞாயிற்றுக்கிழமை மலையேறுகிற பொன்முடி பஸ் இங்கே டீக்கு நின்றது. இறங்கிய கண்டக்டர் யார் தெரியுமா? விழிஞ்ஞம் வண்டியில் உங்களோடு வருகிற மைதீன். ஆள் பற்றாக்குறையாம், அந்த டூட்டிக்கு அனுப்பியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் பாவம், டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லவா வேண்டாமா என்று நின்றான். பிறகு என்னைக் கடைக்குப் பின்பக்கம் கூப்பிட்டுச் சொன்னான். அவனுக்கு நான்தான் மயினி.

"மயினி, நான் சொன்னதா அண்ணாச்சிட்ட சொல்லாண்டாம். ஆட்டோவில உரசினது பின்னயாக்கும். அதுக்கு முன்ன மார்க்கெட் வளைவுல ஒரு வயசான அம்மச்சி மீன்குட்டையோட குறுக்க வந்தாங்க. அண்ணாச்சி காலு பிரேக்குலதான் இருந்துது. வண்டி நிக்கல. அமுக்கினாரா இல்லியான்னு அவருக்கே தெரியல்லியாம். நான் பெல்ல அடிச்சுக் கத்தினேன். அந்த அம்மச்சி குட்டையப் போட்டுட்டு ஓடைக்குள்ள சாடிட்டாங்க. மீனெல்லாம் ரோட்டுல. அண்ணாச்சி எறங்கிவந்து அதப் பொறுக்கிப் போட்டாரு."

மைதீன் சொல்ல வேண்டாம் என்றான். நான் எழுதுகிறேன். அவன்மேல் கோபப்பட்டால் நீங்கள் மனுஷனே இல்லை.

நாம் சாகாமல் இருப்பதற்குத்தான் இந்த மாத்திரை. அதைத் தின்றுவிட்டு இன்னொருத்தியைக் கொல்லவா? ஐம்பது பேர் உங்களை நம்பித் தூங்குகிறார்களாம். எழுதும்போதே உங்களுக்கு நெஞ்சு பதறவில்லையா? கால் உணராதவன் ஓட்டுகிற வண்டி என்று தெரிந்தால் ஒருத்தராவது ஏறுவார்களா?

நன்றி கெட்டவன் என்று நினைப்பார்களோ என்று பயம். அந்த அம்மச்சி செத்திருந்தால் அவள் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்று பயமில்லை.

வருகிற 23-ம் தேதி புதன்கிழமை எனக்கு மெடிக்கல் காலேஜில் மருந்து வாங்கும் நாள். அதற்குள் நீங்களே போய் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் நான் சொல்லுவேன். உங்களுக்குத் தெரியாமல் செய்தேன் என்று பிறகு பேசக்கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு தெளிவாக எழுதுகிறேன். இதைப் படிப்பது வரைக்கும் ஓட்டியது போதும். நாளைக்கு லீவ் போடுங்கள்.

சரோஜம்


கரமனை
26 ஆகஸ்ட் 2006

சொன்னபடியே செய்துவிட்டாய். சந்தோஷம்தானே?

உன் கடிதத்தைப் பார்த்து லீவ் போட்டேன். காய்ச்சல் என்று சொன்னேன். டாக்டரிடம் போவதற்கும் நினைத்தேன். தினமும் நினைத்தேன். ஒருநாள் வராந்தா வரை போய்த் திரும்பியும் வந்தேன். அதற்குள் உனக்கு அவசரம். வியாழக்கிழமை மெடிக்கல் காலேஜிலிருந்து என் மொபைலுக்கு ஃபோன்: "டாக்டர் உடனே வரச் சொல்றாங்க." நான் காப்பாற்றி வைத்திருந்த கால் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் டாக்டரின் மேஜைமேல் வைத்துவிட்டு நீ பஸ் ஏறிவிட்டாய்.

செருப்பைக் கழற்றச் சொன்னார். கண்ணை மூடச் சொல்லி ஊசியால் குத்தினார். "குத்தும்போ சொல்லணும்" என்றார். நான் காத்துக்கொண்டே இருந்தேன். கண்ணைத் திறந்து பார்த்தால் உள்ளங்காலில் இரண்டு மூன்று இடத்தில் இரத்தப் பொட்டு. டாக்டரின் முகம் மாறிவிட்டது.

"எத்தனை மாசமா இப்படி? நீங்க சொல்லாம எங்களுக்கு எப்படித் தெரியும் சிவதாணு?" என்று சத்தம் போட்டார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. நானும் சத்தம் போட்டேன். "நீங்க கேட்டேங்களா டாக்டர்? காயிதத்தப் பாத்து வெரி குட்டுன்னு சொல்லிட்டு அடுத்த ஆள விளிக்கேங்க. என் காலப் பாத்தேங்களா? என் மொகத்தப் பாத்தேங்களா? ஒங்க கவுண்டு நல்லாருக்கு. நான் நல்லால்ல!"

நர்ஸ் ஓடிவந்தார். வராந்தாவில் பேச்சு நின்றுவிட்டது. எல்லோருக்கும் கேட்டிருக்கும். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "செரி. அது என் பேரிலயும் தப்பு. இரிக்கணும்" என்றார். அரைமணி நேரம் உட்கார வைத்தார். தொடங்கும்போது எனக்கு இரத்தம் ரொம்பக் குறைவாக இருந்ததால் உன் மருந்தைக் கொடுக்க முடியாமல் இதைக் கொடுத்தார்களாம். நரம்பையும் முகத்தையும் தின்றது அதில் ஒன்றுதானாம். இப்போது இரத்தம் தேறியிருப்பதால் மாற்றிவிட்டார். இனி நீயும் நானும் ஒரே மாத்திரை.

"கால் பழையபடி ஆகுமா?" என்று கேட்டேன். "இனி கூடாம இருக்கும். மாசக்கணக்கில கொறையலாம். முழுசும் போகும்னு நான் வாக்குத் தரமாட்டேன்" என்றார். "வண்டி ஓட்டக் கூடாது" என்றும் சொன்னார்.

முன்னாலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு கெட்டிருக்காது என்று நீ எழுதப் போகிறாய். எழுதாதே. எனக்கே தெரியும்.

சிவதாணு


கல்லாறு
6 செப்டம்பர் 2006

உங்களுக்கு,

ஓணக் கூட்டம். பொன்முடிக்குப் போகிறவர்கள் எல்லோரும் நம் கடை வாசலில்தான் இறங்கிப் பல் தேய்க்கிறார்கள். நேற்று தோசை சுட்டுச் சுட்டு எனக்குத் தோள் கழன்றுவிட்டது. அதனால்தான் தாமதம். கோபத்தில் எழுதாமல் இருக்கவில்லை. கோபமும் இருக்கிறது.

நீங்கள் எழுதாதே என்று சொன்னதை எழுதவில்லை.

டாக்டரிடம் நீங்கள் போட்ட சத்தத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. 'என் பேரிலயும் தப்பு' என்று சொன்னாரே, அந்த மனுஷி நல்லவர். நானும் இதுவரை கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லியிருக்கிறேன். அன்று உங்கள் காலைப் பற்றிச் சொல்லப் போன நான், என் மூச்சு வாங்குவதைச் சொல்லவே இல்லை. வாசல்படி இறங்கும்போதுதான் நினைவு வந்தது. உங்களை ஏசுகிறேனே, நானும் அதே இனம்தான்.

எல்லோரும் நம்மை உயிரோடு இருப்பதற்காகச் சந்தோஷப்படச் சொல்கிறார்கள். பட்டாகிவிட்டது. எத்தனை நாள் அதையே படுவது? சோறு ருசிக்க வேண்டும், மேடு ஏற வேண்டும், காலில் தரை தெரிய வேண்டும். இது பேராசையா?

இனி மருந்து விஷயம். முதல் இரண்டு மூன்று வாரம் குமட்டும். வெறும் வயிற்றில் போடாதீர்கள். இரண்டு இட்லியாவது உள்ளே போக வேண்டும். இட்லி பிடிக்கவில்லை என்றால் ஏத்தங்காய் அவித்துத் தின்னுங்கள். நாரத்தங்காய் ஊறுகாயை நாக்கில் தொட்டுக்கொண்டால் கொஞ்சம் அடங்கும். இரத்தம் பார்க்கக் கூப்பிட்டால் போக வேண்டும். உங்களுக்கு முன்னமே இரத்தம் குறைந்த உடம்பு. நகம் கறுக்கும். அங்கே விறகடுப்பு இல்லை. என்ன பொய் சொல்வதென்று இப்போதே யோசித்து வையுங்கள்.

நான் வரவில்லை. இங்கே எனக்கு நன்றாக இருக்கிறது. மயினி என்னைச் சிரிக்க வைக்கிறார்கள். கரமனை வீட்டில் நாம் இருவரும் ஒருவர் மாத்திரையை ஒருவர் எண்ணிக்கொண்டு, ஒருவர் இருமினால் ஒருவர் பயந்துகொண்டு இருந்தோம். அந்த வீட்டுக்கு என்னால் இப்போது திரும்ப முடியாது. வேறு மாதிரி இருந்தால் யோசிக்கலாம்.

சரோஜம்


கரமனை
8 அக்டோபர் 2006

சரோஜத்துக்கு,

குமட்டல் என்று எழுதியிருந்தாய். அது குமட்டல் இல்லை. கர்ப்பிணிகள் படும் பாடு. மூன்று வாரம் குளியலறையே வீடாக இருந்தது. நாரத்தங்காய்தான் காப்பாற்றியது. இப்போது நின்றுவிட்டது. இரத்தம் இரண்டு தடவை பார்த்தார்கள். இறங்கவில்லை.

டிப்போவில் இன்னொரு கூத்து. சான்றிதழில் டாக்டர் நோயின் பெயரை எழுதாமல் 'ஞரம்பு சம்பந்தமான அசுகம்', அதாவது நரம்புக் கோளாறு என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் ஞரம்பு ரோகி என்றால் இந்த ஊர்ப் பையன்கள் யாரைச் சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். லேடீஸ் ஸீட் பக்கம் போய் உரசுகிறவனை! நான் நடந்து போனால் "ஞரம்பன் வருந்நு" என்று சிரிப்பு. முதல் நாள் ஒருத்தன் சட்டையைப் பிடித்துவிட்டேன். மைதீன் விலக்கிவிட்டான். சுகரே தேவலை என்று ஆகிவிட்டது எனக்கு.

விசாரணைக் கவுண்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள். "பூவாறு எப்போ, பாலராமபுரம் எப்போ" என்று நாள் முழுக்கக் கேட்கிறார்கள். முன்னால் எழுதிப் போட்டிருப்பதை ஒருத்தர்கூடப் படிப்பதில்லை. எரிச்சலாக வருகிறது. ஆனால் வண்டி ஒவ்வொன்றும் வளைவு திரும்பி வெளியே போகும்போது அதை ஓட்டுவது நான் இல்லை என்று நிம்மதியாக இருக்கிறது. ஓட்டிய காலத்தில் அப்படி ஒரு பாரம் இருந்ததே எனக்குத் தெரியவில்லை. உன்னிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

போன தடவை டாக்டர் சீட்டைத் திறக்கவே இல்லை. "நடக்கும்போ எப்படி இருக்கு? சோறு எறங்குதா? வேலை எப்படி?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் திக்கித் திக்கிப் பதில் சொன்னேன். பழக்கம் இல்லை பார். உன் மூச்சு வாங்குவதையும் சொன்னேன். அடுத்த தடவை நீ வரும்போது இரத்தம் பார்ப்பார்கள். நீ என் காலை மேஜைமேல் வைத்தாய். நான் உன் மூச்சை வைத்துவிட்டேன். கோபப்படு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே வரலாமா? திரும்பி வா என்று கேட்க வரவில்லை. பொன்முடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போகிறேன்.

சிவதாணு


கல்லாறு
1 நவம்பர் 2006

உங்களுக்கு,

மூச்சுக்குக் கோபப்பட்டு முடித்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதான் வந்துவிட்டுப் போனீர்கள், அதற்குள் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். மயினியும் அண்ணனும் சுற்றிலும் நின்றதால் பேச முடியாமல் போனது ஒன்று இருக்கிறது.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது கடைசிப் படியில் தடவித் தடவிக் கால் வைத்தீர்கள். நான் பார்க்கவில்லை என்று நினைத்தீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்து மயினி, "என்ன இப்படி உருகிப் போயிட்டீங்க!" என்று பதறினார்கள். நீங்கள் சிரித்து, "இவ சமையல் இல்லாததால" என்றீர்கள். எனக்கு அந்த இடத்திலேயே ஒன்று போடலாம் போல இருந்தது.

பிறகு ஆற்றுக்குப் போனோம். நீங்கள் பேன்ட்டை மடித்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீரில் விட்டீர்கள். மலையிலிருந்து நேராக இறங்குகிற தண்ணீர். அங்கே வருகிற பிள்ளைகள் கால் வைத்ததும் குளிர் தாங்காமல் கூச்சல் போடும். நீங்கள் காலை அசைக்கக்கூட இல்லை. "தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "நல்ல தணுப்பு" என்றீர்கள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள், என்னைப் பார்க்காமல்.

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். இவ்வளவு நடந்த பிறகும், என்னிடமும் 'சுகமாக்கும்' தானா என்று. ஆனால் இன்னொரு தடவை கேட்டேன். நீங்கள் குனிந்து வலது காலைக் கையால் தொட்டுப் பார்த்தீர்கள். பிறகு சொன்னீர்கள்.

"எடது காலு பெருவிரல்ல கொஞ்சம் தெரியுது. வலது காலு இல்ல. தண்ணி ஓடுறது கண்ணாலதான் தெரியுது. எனக்குப் பயமாருக்கு சரோஜம்."

நமக்குக் கல்யாணம் ஆகிப் பதினாறு வருஷம். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு நீங்கள் ஒளிக்காமல் சொன்ன பதில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அந்த நேரத்தில் அண்ணன் மேலேயிருந்து "டீ ஆறுது!" என்று கூப்பிட்டுவிட்டான். நானும் எழுந்து வந்துவிட்டேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அடுத்த புதன்கிழமை எனக்கு மருந்து வாங்கும் நாள். வாங்கிக்கொண்டு கரமனைக்கு வருகிறேன். ஒருத்தர் மாத்திரையை ஒருத்தர் எண்ணுவது இனி கிடையாது. வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல வேண்டும், நானும் சொல்லுவேன். அரிசியும் உளுந்தும் காலையிலேயே ஊறப்போடுங்கள். வீட்டை எந்த நிலையில் வைத்திருக்கிறீர்களோ, அதை நினைத்தால்தான் இப்போதே ஆத்திரம் வருகிறது.

சரோஜம்